உப்புக்குள் நடந்த கழுதை

அந்தப் புத்தகத்தில் இருந்த ஒரு வரியையும் எங்கள் வீட்டில் யாராலும் வாசிக்க முடியாது. ஜேர்மன் மொழியில் இருந்தது. மனைவியின் தம்பி அங்கே போய்ச் சேர்ந்த புதிதில், எங்களுக்கு மகள் பிறந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, இரண்டு சட்டையும் இந்தப் புத்தகமும் வைத்து ஒரு பொதி அனுப்பியிருந்தான். கூடவே ஒரு துண்டுக் கடிதம்.

“அக்கா, இது இஞ்ச எல்லாப் பிள்ளையளும் வாசிக்கிற புத்தகமாம். கிழவர்மாரும் தாங்கள் சின்னனில வாசிச்சது எண்டு சொல்லினம். படமாயும் ரெண்டு தரம் எடுத்திருக்கினமாம். எனக்கே இன்னும் வாசிக்க வராது. நீங்கள் படத்தைப் பாத்து ஏதாவது சொல்லுங்கோ.”

அட்டையில் நீலக் கதவு போட்ட சின்ன வீடு. வாசலில் ஒரு தாய்க் கழுதையும் குட்டியும். தாயின் இரண்டு பக்கமும் தபால் பைகள் தொங்கும். உள்ளே போனால் தாய் கடிதங்களைச் சுமந்துகொண்டு எங்கோ போகும், குட்டி வீட்டில் நிற்கும். தாள் புரட்டப் புரட்ட வேலியில் சிவப்புக் காலுறைகள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டு வரும். நிலம் முழுக்க வெள்ளையாகக் கிடக்கும். கடைசிப் படத்தில் தாய் திரும்பி வந்து வாசலில் நிற்கும்.

இதற்குத் தமிழில் கதை கட்டியது என் மனைவிதான். அவள் ஆனையிறவு உப்பளங்களுக்குக் கிட்டப் பிறந்து வளர்ந்தவள். வெள்ளையாகக் கிடந்ததைக் கண்டதும் யோசிக்காமல் “உப்பு” என்று சொல்லிவிட்டாள். அது பனியாக இருக்கும் என்று நான் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“கழுதையம்மா உப்புக்குள்ளால நடந்து போறா. உப்புக் கடிச்சுக் கால் எரியும். அம்மா வந்தவுடன கழுவித் துடைச்சுப் போடத்தான் குட்டி காலுறை தோய்ச்சுக் காயவிடுது” என்று மகளுக்குச் சொன்னாள்.

காலுறைக்கு அதைவிட நல்ல காரணம் என்னிடம் இருக்கவில்லை.

தாய்க் கழுதை வாசலில் நின்று குட்டியைத் திரும்பிப் பார்க்கும் படம் ஒன்று இருந்தது. அந்த இடத்தில் மனைவி குரலைத் தாழ்த்தி, “பிள்ளை, போட்டு வாறன்” என்பாள். எங்கள் பக்கத்தில் வீட்டைவிட்டுப் புறப்படுகிற யாரும் “போறன்” என்று மொட்டையாகச் சொல்வதில்லை. கடைக்குப் போவதென்றாலும் “வாறன்”தான். “போறன்” என்று சொல்லிப் போனவர் திரும்பி வரமாட்டார் என்று ஒரு பயம். கழுதைக்கும் அந்தப் பயம் இருந்ததில் எங்களுக்கு எந்த ஆச்சரியமும் இல்லை.

சண்டையில் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்தபோது புத்தகமும் வந்தது. கிளிநொச்சியை விட்டு மல்லாவிப் பக்கம் போனபோதும் வந்தது. நான் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், கிளாக்கர். கச்சேரி எங்கே போகிறதோ அங்கே நாங்களும் போனோம். மல்லாவிக்குக் கிட்ட, குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற ஒரு குடும்பத்தின் வளவுக்குள் கிடுகால் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டோம். வளவுக்கார அக்காவும் ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர்தான். வாய் கொஞ்சம் நீளம். மனம் அதைவிட நீளம்.

மகளுக்கு ஐந்து வயதாகும்போது மனைவிக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். வெட்டி எடுக்கக் கொழும்புக்குத்தான் போக வேண்டும். இயக்கத்தின் கையில் இருந்த வன்னியை விட்டு வெளியே போவதற்கு அவர்களிடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் எடுப்பதற்கு, போகிறவர் திரும்பி வருவார் என்று ஆள் பிணை நிற்க வேண்டும். நானும் மகளும் பிணை நின்றோம்.

அவள் புறப்பட்ட காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். சந்தியில் ஒரு உழவு இயந்திரம், பின்னால் பூட்டிய பெட்டி நிறைய ஆட்கள். வைத்தியரின் துண்டு இருக்கிறதா என்று அவளிடம் மூன்று தரம் கேட்டேன். அடையாள அட்டையை எடுத்துக் காட்டச் சொன்னேன். இயந்திரம் இரைந்துகொண்டு நின்றது. மகள் என் இடுப்பில் இருந்தாள். பெட்டி அசைந்தபோது மனைவி எங்களைப் பார்த்து ஏதோ சொன்னாள். நான் “ஓம், ஓம்” என்றேன்.

அவள் போய் மூன்றாம் கிழமை, சண்டை தொடங்கி வவுனியாப் பாதை பூட்டிவிட்டது. சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது, சுகம், வவுனியா வரை வந்துவிட்டேன், இனிப் பாதை திறந்தால்தான் என்று ஒரு கடிதம் வந்தது. அந்தக் கடிதம் வந்து சேர இரண்டு மாதம் பிடித்தது. அதை வாசிக்கும்போது அவள் சுகமாக இருக்கிறாளா என்பது எனக்குத் தெரியாது. இரண்டு மாதத்துக்கு முன் சுகமாக இருந்தாள் என்பது மட்டுந்தான் தெரியும். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அடுத்த கடிதத்தைப் பற்றிப் பயப்படத் தொடங்கிவிடுவேன்.

மாலையில் கச்சேரியால் வந்ததும் மகள் புத்தகத்தோடு வருவாள். கதை அவளுக்கு மனப்பாடம். நான் ஒரு சொல்லை மாற்றினாலும் பிடித்துவிடுவாள். வாசல் படம் வந்தால் மட்டும் அதை இரண்டு தரம் சொல்ல வேண்டும். “இன்னொருக்கா” என்பாள். நான் மறுபடியும் “பிள்ளை, போட்டு வாறன்” என்பேன். தாளைத் தானே புரட்டுவாள். பிள்ளைகளுக்குப் பிடித்த இடம் என்று ஒன்று இருக்குந்தானே என்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

வளவுக்கார அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

“என்ன தம்பி, கச்சேரியில பெரிய உத்தியோகம், இஞ்ச வந்து கழுதைக் கதை.”

“பிள்ளைக்கு விருப்பம், அக்கா.”

“நான் அவளைக் குறை சொல்லேல்லை. நீர்தான் வாசிக்கேக்கை கழுதை மாதிரியே தலையை ஆட்டுறீர்.”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று நானும் சிரித்தேன். அந்த வருடத்தில் நான் சிரித்ததை எண்ணிப் பார்த்தால் அநேகமாக எல்லாம் அந்த வேலிக்கரையில்தான்.

மல்லாவிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் ஒருவர் படம் போட்டுக் காட்டி வந்தார். முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மீனவர். வள்ளமும் வலையும் கடலோடு போய்விட்டன. ஒரு ரீவி, ஒரு வீடியோ டெக், மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒரு ஜெனரேட்டர், ரீவிக்கு மேலே ஒரு மாதா படம். ஞாயிறு காலைப் பூசை முடிந்த பிறகு பிள்ளைகளுக்கென்று ஏதாவது போடுவார்.

ஒரு சனிக்கிழமை மரக்கறி வாங்கப் போனபோது மகள் அவருடைய மேசைக்கு முன் நின்றுவிட்டாள். அடுக்கி வைத்திருந்த கசற்றுகளில் ஒன்றின் அட்டையில் நீலக் கதவு.

“அப்பா, எங்கட கழுதை.”

“உதோ?” என்றார் அவர். “பாதை பூட்ட முன்னம் வவுனியாவில இருந்து வந்த கட்டுக்குள்ள கிடந்தது. இந்தியாவில தமிழ்க் குரல் குடுத்த கொப்பி. ரெண்டு படம் இருக்கு. பழசு ஒண்டு, புதுசு ஒண்டு. இன்னும் ஒருத்தரும் கேக்கேல்லை. கழுதையை ஆர் ஐயா பாக்கிறது? இஞ்ச எல்லாருக்கும் சண்டைப் படம்தான் வேணும்.”

“நாளைக்குப் போடுவியளோ?” என்று மகள் கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். “ஆள் கேட்டால் போடத்தானே வேணும்.”

ஞாயிறு மகளுக்கு நல்ல சட்டை போட்டுச் சைக்கிளில் கூட்டிப் போனேன். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பாயில் இருந்தார்கள். நான் பின்னால் வாங்கில் இருந்தேன். முதலில் பழைய படம் வந்தது. கறுப்பு வெள்ளை, கோடு கோடாகத் தேய்ந்திருந்தது. ஆனால் கழுதை அதே கழுதை, வீடு அதே வீடு. ஒரு சொல்லும் இல்லை, பின்னால் ஒரு வாத்தியம் மட்டும். பிள்ளைகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் கிள்ளத் தொடங்கினார்கள். அப்போது மகள் பேசத் தொடங்கினாள்.

“இப்ப கழுதையம்மா பையைக் கொழுவுறா. இப்ப, பிள்ளை போட்டு வாறன் எண்டு சொல்லுறா.”

ஒரு பிள்ளை திரும்பியது. “அது என்ன வெள்ளையாக் கிடக்கிறது?”

“உப்பு.”

“இவ்வளவு உப்போ?”

“ஓம். ஆனையிறவில இருந்து வந்தது.”

“அப்ப இது எங்கட பக்கத்துப் படமோ?”

“ஓம்” என்றாள் மகள்.

கிள்ளுவது நின்றுவிட்டது. காலுறை ஏன், கால் ஏன் எரிகிறது என்று எல்லாவற்றையும் சொன்னாள். தாயின் சொற்கள், தாய் நிறுத்துகிற இடங்கள், தாய் குரலைத் தாழ்த்துகிற இடங்கள். ஜெனரேட்டரின் இரைச்சலுக்கு மேலால் என் மனைவியின் குரல் அந்தக் கொட்டகைக்குள் கேட்டது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பிள்ளை, நீ இருக்கேக்கை எனக்கு டெக் என்னத்துக்கு?” என்றார் படக்காரர்.

அடுத்தது புதுப்படம். நல்ல வர்ணம். கழுதைக்குத் தொப்பி போட்டிருந்தார்கள். வானத்திலிருந்து பனி கொட்டியது.

“உப்பு மேலயிருந்து விழுது” என்று ஒரு பிள்ளை சொன்னது. மகள் கழுத்தை நீட்டி உற்றுப் பார்த்தாள்.

குட்டி அதில் ஆண் குட்டி. அதையும் பொறுத்துக்கொண்டாள். பிறகு வாசல் வந்தது. தாய்க் கழுதை திரும்பிப் பார்த்தது. சென்னைப் பக்கத்து ஒரு பெண்ணின் இனிமையான குரலில், அச்சடித்த தமிழில், “மகனே, நான் போகிறேன்” என்றது.

மகள் எழும்பி நின்றாள்.

“பிழையாச் சொல்லுது.”

“இரு பிள்ளை, மறைக்குது” என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

அவள் இருக்கவில்லை. பிள்ளைகளைக் கடந்து என்னிடம் வந்தாள். “அப்பா, போவம்.”

முடிவு வரை இருக்கலாம், தாய் திரும்பி வரும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அதற்குள் வெளியே போய்ச் சைக்கிளடியில் நின்றாள்.

பாரில் ஏற்றிக்கொண்டு கொஞ்சத் தூரம் மிதித்தேன்.

“அது இந்தியத் தமிழ் பிள்ளை. அங்க அப்பிடித்தான் கதைப்பினம்” என்றேன். அது பொய். அங்கேயும் வீட்டைவிட்டுப் புறப்படுகிற தாய் பிள்ளைக்கு அப்படிச் சொல்லமாட்டாள். மொழிபெயர்த்தவர் வேறொரு மொழியில் இருந்த சொல்லைப் பார்த்து எழுதியிருப்பார். வாசலில் நின்று நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்.

“போறன் எண்டு சொன்னால் வராயினம்” என்றாள் மகள்.

“ஆர் சொன்னது?”

“அம்மா. நான் ஒருநாள் பள்ளிக்கூடம் போறன் எண்டு சொல்ல, வாயில தட்டினவா.”

“அது சும்மா பழக்கத்துக்குச் சொல்லுறது.”

பிறகு முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

“அம்மாவும் போறன் எண்டுதான் சொன்னவா. ட்ரக்டரில இருந்து.”

“இல்லை பிள்ளை. வாறன் எண்டு சொன்னவா.”

“உங்களுக்குக் கேக்கேல்லை. எனக்குக் கேட்டது.”

நான் சைக்கிளை நிறுத்தினேன். சந்தி, பெட்டி, புகை, மனைவியின் வாய் அசைவது எல்லாம் எனக்குத் தெரிந்தது. சொல் மட்டும் கேட்கவில்லை. அந்த நேரம் நான் அடையாள அட்டையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதமாக இந்தப் பிள்ளை அதை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். மாலையில் வாசல் படத்தை இரண்டு தரம் சொல்ல வைத்தது ஏன் என்று அந்த ஒழுங்கையில் நிற்கும்போதுதான் எனக்கு விளங்கியது.

அன்றிலிருந்து அவள் புத்தகத்தை எடுக்கவில்லை. தாய்க்கு எழுதுகிற கடிதத்தின் அடியில் தானும் இரண்டு வரி எழுதுவாள். அதையும் விட்டுவிட்டாள். கேட்டால், “நீங்கள் எழுதுங்கோ” என்றாள். அழவில்லை, கோபிக்கவும் இல்லை. சாப்பிட்டாள், பள்ளிக்கூடம் போனாள், வளவுக்கார அக்காவின் கோழிக்குஞ்சுகளோடு விளையாடினாள். தாயைப் பற்றி மட்டும் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பாதை ஒருநாள் திறக்கும், மனைவி வருவாள் என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். வரும்போது இவள் காத்துக்கொண்டிருக்கமாட்டாளே என்ற நினைப்பு அதுவரை எனக்கு வந்ததில்லை.

“என்ன தம்பி, கழுதை செத்துப்போச்சோ? சத்தத்தைக் காணேல்லை” என்றார் அக்கா வேலிக்கரையில்.

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு கிழமையாக என்னைப் பகிடி பண்ணவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒரு வேலை நாளில் கச்சேரியால் வருகிற வழியில் படக்காரரிடம் போனேன். கொட்டகையில் வேறு யாரும் இல்லை.

“அந்தக் கழுதைப் படத்தின்ர கடைசிப் பகுதியை ஒருக்காப் போடுவியளோ?”

“பிள்ளை எங்க?”

“நான் மட்டுந்தான்.”

அவர் ஜெனரேட்டரை இழுத்தார். நான் பாய்க்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். காலுறைகள் கால் கழுவித் துடைத்துப் போடுவதற்கு இல்லை. பனிக்குள் வீடு மறைந்துவிடாமல் தாய்க்கு அடையாளம் காட்டுவதற்காம். தாய் அந்தச் சிவப்பைப் பார்த்துப் பார்த்து வந்து சேர்ந்தது. ஊர் மிருகங்கள் எல்லாம் கூடிப் பாட்டுப் பாடி ஆடின. நாற்பது வயது மனிதன், கையில் கச்சேரிப் பையோடு, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைத் துடைக்க லேஞ்சியைத் தேடினேன். படக்காரர் என்னைப் பார்க்காமல் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தாய் வந்திட்டுதுதானே ஐயா” என்றார்.

“ஓம்.”

“இன்னொருக்காப் போடவோ?”

“ஓம்” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொன்னேன். “கழுதையம்மா திரும்பி வந்திட்டா. நான் முழுக்கப் பாத்தனான்.”

அவள் குஞ்சுகளுக்கு அரிசிக் குறுணல் போட்டுக்கொண்டிருந்தாள். “அது படம்தானே அப்பா” என்றாள்.

மனைவிக்கு எழுதினேன். வேறு எதையும் கேட்கவில்லை. அன்றைக்கு ட்ரக்டரில் இருந்து என்ன சொன்னாய் என்று மட்டும் கேட்டேன். பதில் வருவதற்கு மாரி முடிந்துவிட்டது.

“போறன் எண்டுதான் சொன்னனான். பெட்டி அசைஞ்ச பயத்தில வாய் தவறிப் போச்சு. திருப்பிச் சொல்லுறதுக்கிடையில நீங்கள் சின்னனாப் போயிட்டியள். ஒப்பரேசனுக்குக் கொண்டு போகேக்கையும் அதைத்தான் நினைச்சனான். இரைச்சலில அவளுக்குக் கேட்டிருக்காது எண்டு மனதைத் தேத்திக்கொண்டு இருந்தனான்.”

இதை மகளுக்கு வாசித்துக் காட்டலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு வாசித்தேன். அம்மா தெரியாமல் சொல்லிவிட்டா, அது பிழையாக வந்த சொல் என்றேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பிழையாச் சொன்னாலும் சொன்னதுதானே” என்றாள்.

பதினாறு மாதத்துக்குப் பிறகு, ஒரு திங்கட்கிழமை, மனைவி வந்தாள். பாதை திறந்ததும் எனக்குத் தெரியாது, முன்கூட்டி ஒரு தகவலும் இல்லை. கச்சேரிக்கு ஆள் வந்து சொன்னது. நான் சைக்கிளில் எப்படி வந்தேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. படலையில் வளவுக்கார அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“தாய் ஓடிவந்து தூக்கப் போனவள். பிள்ளை ரெண்டு அடி பின்னால போய், ‘வாங்கோ, இருங்கோ’ எண்டு கதிரை எடுத்துப் போட்டது, தம்பி. வந்த ஆளுக்குப் போடுற மாதிரி.”

உள்ளே மனைவி அந்தக் கதிரையில்தான் இருந்தாள். பை மடியில். பாதியாக மெலிந்திருந்தாள். மகள் தூணோடு சாய்ந்து நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

மனைவி கையை நீட்டி மகளின் தலைமயிரை மெல்லத் தொட்டாள்.

“என்ன பிள்ளை தலை இப்பிடிக் காஞ்சு கிடக்கு? வாங்கோ, நாளைக்குச் செவ்வாய். எண்ணெய் வைச்சு முழுகுவம்.”

“நான் சனிக்கிழமைதான் முழுகிறனான்” என்றாள் மகள்.

மனைவி என்னைப் பார்த்தாள். பெண்களுக்கு எண்ணெய் முழுக்கு செவ்வாயும் வெள்ளியும், ஆண்களுக்குப் புதனும் சனியும். எல்லா வீட்டிலும் பிள்ளைகளுக்கே தெரிந்த விடயம். எனக்கு லீவு சனிக்கிழமை. நான் முழுகும்போது அவளுக்கும் வார்த்துவிட்டேன். பதினாறு மாதம் ஒரு பெண் பிள்ளையை ஆண்களின் நாளில் முழுக வார்த்திருக்கிறேன் என்பது அந்த நிமிடம் வரை எனக்குத் தோன்றவே இல்லை. வளவுக்கார அக்காவும் கண்டிருப்பார், என் நிலையைப் பார்த்துச் சொல்லாமல் விட்டிருப்பார்.

“பொம்பிளைப் பிள்ளையள் செவ்வாயில எல்லோ முழுகிறது?” என்று மனைவி மெதுவாகக் கேட்டாள்.

“இஞ்ச சனிக்கிழமைதான்.”

மனைவி மடியில் இருந்த பையைக் கீழே இறக்கி வைத்தாள்.

“சரி. சனிக்கிழமையே முழுகுவம்” என்றாள்.

செவ்வாய் போனது. மகள் பள்ளிக்கூடத்தால் வந்து, படலையில் நின்று, முதலில் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். தாய் அங்கே அடுப்படியில் இருந்தாள். புத்தகப் பையை வைத்துவிட்டுக் குஞ்சுகளிடம் போனாள். புதனும் அப்படித்தான். வியாழனும் அப்படித்தான். மனைவி அவளைக் கூப்பிடவில்லை. சோறு போட்டுக் கொடுத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவள் பார்க்காத நேரத்தில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை தான் முழுகிவிட்டு, ஈரத் தலையோடு வாசலில் இருந்து அரிசி புடைத்தாள். மகள் தூரத்தில் நின்று பார்த்தாள்.

சனிக்கிழமை காலை வழக்கம்போல நான் வாளியும் செம்பும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் அள்ளி நிரப்பினேன். மகள் நல்லெண்ணெய்ப் போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொட்டிலுக்குள் இருந்து வந்தாள். நான் கையை நீட்டினேன்.

அவள் என்னைக் கடந்து குசினிப் பக்கம் போனாள்.